சாரம்மாளின் அரைச் சுற்று

சமாதானபுரத்தில் சாரம்மாளிடம் ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் யாரும் இரண்டாவது ஜாக்கெட் கொடுத்ததில்லை. அவள் தைத்தால் ஒரு கை முழங்கை வரைக்கும் வரும், மறு கை தோளோடு நின்றுவிடும். ஆனால் தையல் மெஷின் மக்கர் பண்ணினால் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பத்தமடை வரைக்கும் அவளைத்தான் தேடுவார்கள். மிஷன் தையல் பள்ளிக்கூடத்துக்குத் தையல் படிக்கப் போனவள், தையலை விட்டுவிட்டு மெஷினைப் படித்துக்கொண்டு வந்துவிட்டாள். மற்றப் பெண்கள் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டபோது இவள் மெஷினைக் கவிழ்த்து அதன் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு ராடு முன்னும் பின்னும் போகிறது, ஒரு கொக்கி சுழல்கிறது, ஒரு பல் வந்து துணியை இம்மி இம்மியாகத் தள்ளுகிறது. அந்த அழகில் மனம் போனது போனதுதான், பிறகு திரும்பவே இல்லை.

மேலப்பாளையத்தில் அவளுக்கு ஓயாத வேலை. அங்கே பெண்கள் வீட்டுக்குள்ளிருந்தே தைப்பவர்கள். ஆண் மெக்கானிக் வந்தால் வாசலோடு நிற்க வேண்டும், மெஷினைத்தான் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். சாரம்மாள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தகர டப்பாவோடு நேரே அடுக்களை வரைக்கும் போவாள். மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் காதைக் கொடுத்து அதன் சத்தத்தைக் கேட்பாள். அந்த நேரத்தில் யாராவது பேசினால் அவளுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அதையும் மீறித்தான் ஊர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் தேவசிகாமணி லாரி டிரைவர். தூத்துக்குடியிலிருந்து உப்பு, சேரன்மாதேவியிலிருந்து நெல் என்று பாரம் அடிக்கிறவன். தெருமுனையில் அவன் பேசினால் வீட்டுக்குள்ளே உலை வைத்திருப்பவளுக்குக் கேட்கும். இரண்டு பேருக்கும் அவரவர் மெஷின்தான் பெரிது. "ஒன் மெஷினுக்கு ஹாரன் உண்டாட்டி?" என்று அவன் கேட்பான். "ஒங்க லாரி பட்டன் தைக்குமா?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் சத்தத்துக்கு மட்டும் குறைவே கிடையாது.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசி மழையில், வள்ளியூருக்கு இந்தப்புறம், ஓடிக்கொண்டிருக்கும்போதே லாரியின் ஸ்டியரிங் ராடு முறிந்தது. வண்டி புளியமரத்தில் போய் மோதி நின்றது. வேறு யாருக்கும் கீறல்கூட இல்லை. தேவசிகாமணிக்கு இடுப்பெலும்பு உடைந்தது, வலது கை நசுங்கியது. இடுப்பு, படுத்துக் கிடந்தால் கூடிவிடும் என்றார்கள். கைதான் சங்கடம். மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது விரல்கள் விரியவும் இல்லை, மடங்கவும் இல்லை. பாதி வளைந்தபடி நின்றன.

ஆஸ்பத்திரியில் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் தங்கமானவள். சாரம்மாளை ஓரமாகக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். "விரல இப்பம் வேல வாங்கினாத்தான் உண்டும்மா. சும்மா விட்டா இப்படியே இறுகிப் போவும். பெறவு யாரு வந்தாலும் பிரிக்க முடியாது." பிடித்துப் பிடித்து அமுக்க ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தாள்.

தேவசிகாமணி அந்தப் பந்தை ஒரு தடவை பார்த்தான். "பந்து வெளையாடுத வயசா எனக்கு?" என்று சொன்னவன்தான், அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். என்ன கேட்டாலும் 'ம்', எதைக் கொடுத்தாலும் 'வேண்டாம்'. பந்து தினமும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். சாரம்மாள் எடுத்துத் துடைத்துத் தலைமாட்டில் வைப்பாள், மறுநாளும் அது கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். விரல் போனால் ஸ்டியரிங் போய்விடும் என்பதும், ஸ்டியரிங் போனால் இந்த ஆளே போய்விடுவான் என்பதும் அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்வாசலில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மேலப்பாளையத்தில் ஹமீது பீவி என்று ஒரு அக்கா. கல்யாண வீட்டுத் துணியெல்லாம் அவளிடம்தான் வரும். அன்றைக்கு மெஷினைச் சரி பார்த்துக் கிளம்பிய சாரம்மாளிடம் அவள் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே ஒரு பொம்மை லாரி, பெரிய பெரிய உப்பல் டயரோடு. கம்பி கிடையாது. துப்பாக்கி மாதிரிப் பிடியுள்ள ஒரு ரிமோட். இடது கையில் பிடியைப் பிடித்து விரலால் விசையை இழுத்தால் வண்டி ஓடும். ரிமோட்டின் பக்கவாட்டில் ஒரு குட்டிச் சக்கரம் இருந்தது. அதை வலது கையால் திருப்பினால் வண்டி திரும்பும்.

"எம் மவன் துபாய்லருந்து அனுப்பினது. பேரன் மொட்டமாடியில ஓட்டிக் கீழ தள்ளிட்டான். நீதான் எதையாவது பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கவளாச்சே, கொண்டு போ" என்றாள் ஹமீது பீவி.

சாரம்மாளின் கண் லாரியைப் பார்க்கவில்லை, அந்தக் குட்டிச் சக்கரத்தைப் பார்த்தது. "வலது கையாலதான் திருப்பணுமாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் பெட்டியை வாங்கிக் கேரியரில் கட்டிக்கொண்டாள்.

உடைந்த அச்சை நிமிர்த்தி, அறுந்த வயரைப் பற்றவைத்து, கட்டிலுக்கு முன்னால் அதை ஓட்டிக் காட்டினாள். அது துள்ளியது, சுவரில் முட்டியது, மல்லாந்து விழுந்தது. விழுந்த பிறகும் நான்கு சக்கரமும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. தேவசிகாமணி தலையை மட்டும் திருப்பினான்.

"இது லாரியா? தவக்களை."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். வேறு பெண்பிள்ளையாக இருந்தால் முகம் வாடியிருக்கும். சாரம்மாளுக்கு உள்ளுக்குள்ளே குளிர்ந்துவிட்டது. 'ம்', 'வேண்டாம்' இரண்டையும் தாண்டி எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. கடகடவென்று சத்தம் போடுகிற மெஷினை அவளால் சரி பண்ணிவிட முடியும். சத்தமே இல்லாமல் கிடக்கிற மெஷினைத்தான் எங்கே தொட்டுத் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியாது. தவக்களை என்று சொன்னானா, சரி, அதை லாரி ஆக்கிவிட்டால் போகிறது.

முதலில் வேகத்தைக் கொல்ல வேண்டும். பாபினில் நூல் சுற்றுவதற்காகத் தையல் மெஷினில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு, அதன் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். மெஷின் சக்கரத்தில் அந்த வளையம் அழுந்தும்போது பாபின் பறக்கும். சாரம்மாள் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டாள். மோட்டாரின் மெல்லிய தண்டை ரப்பர் வளையத்தில் அழுந்த வைத்தாள். மோட்டார் பலமுறை சுற்றினால்தான் வளையம் ஒருமுறை சுற்றும், அந்தச் சுற்றுத்தான் பின் அச்சுக்குப் போகும். வேகம் போய் இழுவை வந்தது. செத்துப்போன பேட்டரிக் கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய மொபெட்டின் ஆறு வோல்ட் பேட்டரியை நடுவில் உட்கார வைத்தாள். அந்தக் கனத்தில் வண்டி தரையோடு அமர்ந்தது, துள்ளல் நின்றது.

பெருமையாகக் கட்டிலுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். முன்னால் போகச் சொன்னால் அது பின்னால் போயிற்று. நடுவில் ஒரு சக்கரம் கூடினால் சுழலும் திசை மாறும் என்பது அவள் கைக்குத் தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் மறந்துவிட்டாள்.

"ரிவர்ஸ்ல மட்டுந்தான் போவுமோ?" என்றான் தேவசிகாமணி.

மோட்டாரின் இரண்டு வயரையும் இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது. அவன் சொன்னதைத்தான் அவள் அன்றைக்கு முழுவதும் மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவன் குறை சொல்லச் சொல்ல வண்டி வளர்ந்தது. "பின்னால ரெட்ட டயர் இல்லாம என்னத்த லாரி?" என்றான். அம்பாசமுத்திரத்து மரச்சொப்பில் திருகை ஒன்று இருக்கும், மரத்திலேயே கடைந்து, நடுவில் துளையோடு இரண்டு வட்டக் கல். சாரம்மாள் கடையில் போய் அந்தத் திருகையை மட்டும் கேட்டாள். கடைக்காரர் சட்டி பானையும் சேர்த்துத்தான் தருவேன் என்று நின்றார். முழுச் சொப்பாகவே வாங்கி வந்து, திருகைக் கல்லில் சைக்கிள் டியூப்பை வளைத்து ஒட்டி, பழைய பின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் சேர்த்து மாட்டினாள். உப்பல் டயர்களைக் கழற்றி அங்கேயும் டியூப்தான். பக்கத்திலிருந்து பார்த்தால் சிவப்பும் பச்சையுமாக அரக்குப் பூச்சு மின்னும். "பட்டை இல்லாத வண்டி பாரம் தாங்காது" என்றான். லாரியின் பாரம் தாங்குகிற வில் அடுக்கைத்தான் அப்படிச் சொன்னான். அலாரம் கடிகாரத்தின் வில்லை வெட்டி, பெரியதன் கீழே சின்னது, அதன் கீழே அதைவிடச் சின்னது என்று அடுக்கி, அச்சுக்கு மேலே கட்டினாள். கையால் அமுக்கினால் நிஜ லாரி மாதிரியே முனகிக்கொண்டு இறங்கி ஏறியது. அதைப் பார்த்த பிறகு அவன் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

கடைசியாக ரிமோட்டைப் பார்த்தான். "இது ஸ்டேரிங்கா, சட்ட பட்டனா?"

அந்தக் குட்டிச் சக்கரத்தின் மேல் ஊறுகாய்ப் பாட்டில் மூடியைப் பொருத்தினாள் சாரம்மாள். அதோடு விட்டாளா? டிரைவர்கள் புது ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன்னால் அதற்கு வயர் பின்னிக்கொள்வார்கள், வேர்த்த கை வழுக்கக் கூடாது என்று. கறுப்பு நூலை எண்ணெய் தொட்டு முறுக்கி, அதே பின்னலை அந்த மூடியைச் சுற்றிப் பின்னினாள். அவள் ஊசி வேலை ஒழுங்காக வந்தது அந்த ஒரே ஒரு தடவைதான். ரிமோட்டைக் கட்டிலில் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, 'பிடியுங்கள்' என்றுகூடச் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் முன்னறையிலிருந்து ஒரு உறுமல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். இடது கையில் பிடி, நூல் பின்னலின் மேலே வலது கை. விரல்கள் பற்றவில்லை, உள்ளங்கையின் ஓரத்தால்தான் தள்ளிக்கொண்டிருந்தான். ஆனால் கை ஸ்டியரிங்கில் இருந்தது. லாரி கட்டிலைச் சுற்றி வந்து, நடைக்கதவைத் தாண்டி, கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. நடையின் கோடியில் வலது பக்கம் திரும்பினால்தான் அடுக்களை. படுத்திருப்பவனுக்கு அந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரியாது. கண் போகாத இடத்தில் லாரிக்குக் கிளீனர்தான் கண். சாரம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடையில் போய் நின்றாள்.

"வரட்டும், வரட்டும்" என்றாள். லாரி வந்தது. கோடிக்கு வந்ததும், வலது பக்கம் திருப்பச் சொல்லி, "ரைட்டு! ரைட்டு!" என்று கத்தினாள்.

லாரி நேரே பாய்ந்தது. எதிரே இட்லி மாவுப் பானை. பானை கவிழ்ந்து, மாவு நடையெல்லாம் ஓடி, அதற்கு நடுவில் லாரி முனகிக்கொண்டு நின்றது.

"ரைட்டுன்னுல்லா சொன்னேன்!" என்று அலறினாள்.

"ரைட்டுன்னா போன்னுல்லாட்டி அர்த்தம்!" முன்னறையிலிருந்து வந்த குரலில் ஓடே அதிர்ந்தது. "எந்த ஊருக் கிளீனரு நீ? திரும்பணும்னா வலத்த ஒடின்னு சொல்லணும். நிறுத்தணும்னா ஓல்டான்னு சொல்லணும். ரைட்டு ரைட்டுன்னா நான் என்னன்னு நெனப்பேன், ரோடு காலியா இருக்குன்னு நெனப்பேன்! வண்டியக் கொண்டுபோயி எவன் வீட்டுக்குள்ள விட்டுருக்க?"

"நம்ம வீட்டு மாவுக்குள்ளதான்!"

"கோட்டிக்காரி! கிளீனர் வேலைக்கு வந்துட்டா!"

அவன் நிறுத்தவில்லை. தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிளீனராக எப்படியெல்லாம் குரல் கொடுத்தான், இப்போதிருக்கிற பயல்கள் எப்படி இருக்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் பேசினான். ஐப்பசியிலிருந்து அடைத்துக் கிடந்த அத்தனையும் வெளியே வந்தது. கணுக்கால் வரைக்கும் மாவில் நின்றுகொண்டு சாரம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டவள் பாளையங்கோட்டையில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

அன்றிலிருந்து அவள் கிளீனர் பாஷையைக் கற்றுக்கொண்டாள். 'வலத்த ஒடி, பைய வா, ஓல்டான்' என்று அந்தச் சந்து முழுக்கக் கேட்கும். அடுக்களையிலிருந்து முன்னறைக்குக் கறிவேப்பிலை போயிற்று, முன்னறையிலிருந்து அடுக்களைக்கு உரித்த வெங்காயம் வந்தது. வெங்காயத்தை அவன் இடது கையால்தான் உரித்தான். அதுதான் சாரம்மாளுக்கு உறுத்தியது. வண்டி ஓட்டும்போதும் அப்படித்தான். ஸ்டியரிங் காற்று மாதிரி லேசாக இருப்பதால் உள்ளங்கை ஓரமே போதும் என்று ஆகிவிட்டது, விரல்களுக்கு வேலையே இல்லை. ரப்பர் பந்தை அமுக்காத ஆள், ஊறுகாய் மூடியையா அமுக்கப் போகிறான்?

தையல் மெஷினின் முகத்தில் இரண்டு வட்டத் தகடு இருக்கும், அதற்கு மேலே ஒரு சுருள்வில், அதற்கும் மேலே ஒரு நட்டு. நூல் அந்தத் தகடுகளுக்கு நடுவே போகும். நட்டை முறுக்கினால் நூல் இறுகும், தளர்த்தினால் இளகும். அந்த முழு அமைப்பையும் சாரம்மாள் கழற்றி ரிமோட்டின் ஸ்டியரிங்குக்குள்ளே பொருத்தினாள். முதல் நாள் ஒன்றும் முறுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், எண்ணெய் விடுகிறேன் என்று வாங்கி, நட்டை அரைச் சுற்று முறுக்கினாள். அடுத்த சனிக்கிழமை இன்னொரு அரைச் சுற்று. லாரி ஓட வேண்டுமே என்கிற ஆசையில், உள்ளங்கை வழுக்க வழுக்க, அவன் விரல்கள் மெல்ல மெல்ல மூடியைப் பற்ற ஆரம்பித்தன.

"ஸ்டேரிங் கெட்டியா இருக்கே?" என்பான் முகத்தைச் சுளித்து.

"பாரம் ஏத்தியிருக்குல்லா, அப்படித்தான் இருக்கும்" என்பாள். பொய் பிடிபடக் கூடாது என்று கத்தரிக்கோல், நூல்கண்டு, இரும்பு வாஷர் என்று லாரியில் நிஜமாகவே பாரமும் ஏற்றிவைப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்த ஒரு பொய்யை மட்டும் கண்டுக்காதேயும்" என்று சொல்லிவிட்டு வருவாள். வேர்த்து ஒழுக ஒழுக அவன் அந்த மூடியோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கும்போது, போதும், நிறுத்திவிடலாம் என்றுகூடத் தோன்றும். சனிக்கிழமை வந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு முறுக்கிவிடுவாள். இந்தப் பெண்பிள்ளைக்கு எங்கிருந்துதான் அந்த நெஞ்சுரம் வந்ததோ!

பெரிய வெள்ளி கழிந்த பிறகு தேவசிகாமணி கம்பூன்றி எழுந்து நடந்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டன. பிறகு மற்ற விரல்களும் வந்து சேர்ந்தன. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பயிற்சி அம்மாள் ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்து, "இவ்வளவு வந்ததே பெரிய காரியம்மா" என்று சாரம்மாளின் தோளைத் தட்டினாள். "சின்னச் சின்ன வேலையெல்லாம் தாராளமாச் செஞ்சுக்கிடலாம். கனத்த வேலைக்கு மட்டும் ஆசைப்பட வேண்டாம். அது வாரது சந்தேகம்."

டவுன் பஸ்ஸில் வரும்போது அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான், என்ன கேட்டாலும் மறுபடி 'ம்'. சாரம்மாளுக்குப் பழைய பயம் வந்துவிட்டது. கிடைத்ததே போதும், இன்னும் கேட்டு இதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவளே முடிவு கட்டினாள். அந்தச் சனிக்கிழமை எண்ணெய்ச் சொட்டானை எடுக்கவே இல்லை. அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, இங்க வா."

போனாள். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், மடியில் ரிமோட்.

"இந்த வாரம் முறுக்கலியா?"

"எத?"

"நட்டத்தான். சனிக்கெழம சனிக்கெழம அரைச் சுத்து. ஸ்டேரிங் பிடிச்சே வயசாகிப் போனவன்ட்ட, ஸ்டேரிங்குல கைய வச்சா தெரியாதாக்கும்?"

ஊரே பயப்படுகிற வாய் சாரம்மாளுக்கு. "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று மட்டும் மெல்லக் கேட்டாள்.

"சொன்னா நிறுத்திருவியே."

"அந்தம்மா சொன்னாவல்லா... கனத்த வேலைக்கு ஆசப்பட வேண்டாம்னு..."

"அவுங்க சொன்னது சரியாக்கூட இருக்கும். நீ முறுக்கு."

அவள் உட்கார்ந்து ரிமோட்டின் பின்பக்கத்தைத் திறந்தாள். "ஒரு முழுச் சுத்தா வச்சிரட்டுமா?"

"கோட்டிக்காரி. பைய. அரைச் சுத்து போதும்."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றதில் நட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டே மெஷினைப் பிரித்து மாட்டுகிறவள், அந்தச் சின்ன நட்டைத் தேடித் துழாவினாள். தேவசிகாமணி வலது கையை நீட்டி அவள் விரலைப் பிடித்தான், இறுக்கமாகவே பிடித்தான், நட்டின் மேல் கொண்டுபோய் வைத்தான். சாரம்மாள் முறுக்கினாள்.